மாடல் டாங்கிக்கு உருமறைப்பு நிறம்: மாஸ்கிங் ஸ்டென்சில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் டாங்கி கிட் ஒன்றை ஒட்டி முடிக்கும்வரை எல்லாருக்கும் தைரியம் இருக்கிறது. உருமறைப்பு அடிக்க உட்காரும்போதுதான் கை நடுங்குகிறது. ஆறு வாரம் பார்த்துப் பார்த்து ஒட்டியதை அரை மணி நேரத்தில் கெடுத்துவிடலாம் என்ற பயம். அந்தப் பயத்தோடு என்னிடம் வரும் கேள்விகளையும், நானே பல வண்டிகளைக் கெடுத்துக் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பெயின்ட் படக்கூடாத இடத்தை மூடும் டேப், புட்டி எல்லாம் மாஸ்க்; திட்டின் வடிவத்தில் வெட்டிய தாளோ படலமோ ஸ்டென்சில். 1/35 அளவு (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) மாடலையும், காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷையும் மனதில் வைத்தே பேசுகிறேன். மற்றவை வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

ஏர்பிரஷ்ஷைக் கையில் பிடித்து நேராக அடித்துவிடலாமே, ஸ்டென்சில் எதற்கு?

அடிக்கலாம். சில டாங்கிகளுக்கு அதுதான் பொருத்தமும்கூட. நிஜ வண்டிக்கு யார், எதை வைத்து நிறம் அடித்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் தன் டாங்கிகளின் அடிநிறத்தைக் கரும் மஞ்சளாக மாற்றியது. ரால் என்ற ஜெர்மன் நிறப் பட்டியலில் அதன் எண் 7028. மேலே அடிப்பதற்கான செம்பழுப்பும் (ரால் 8017) ஆலிவ் பச்சையும் (ரால் 6003) கெட்டிப் பசையாக டப்பாக்களில் படைப்பிரிவுகளுக்கே போயின. சிப்பாய்கள் அதைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, ஸ்ப்ரே கன் இருந்தால் அதில் அடித்தார்கள், இல்லையென்றால் தூரிகையை எடுத்தார்கள். ஒரு வண்டி மாதிரி இன்னொன்று இருக்காது. ஸ்ப்ரேயில் அடித்ததன் ஓரமெல்லாம் புகை மாதிரி மங்கிப் போகும். அப்படி அடித்த பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கிக்கு டேப் ஒட்டி, வெட்டினாற்போல் ஓரம் கொடுத்தால் திருவிழாக் கடை பொம்மையாகிவிடும்.

1980களில் மேற்கு பெர்லினில் நின்ற பிரிட்டிஷ் சீஃப்டன் டாங்கிகள் இதற்கு நேர் எதிர். வெள்ளை, சாம்பல், பழுப்பு மூன்றிலும் பெரிய பெரிய செவ்வகக் கட்டங்கள். நகரத்துச் சுவர்களோடும் ஜன்னல்களோடும் கலந்துபோவதற்காக அப்படி. ஸ்வீடன் ராணுவத்தின் 122 டாங்கியில் வெளிர் பச்சை, கரும் பச்சை, கறுப்பு மூன்றும் உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி கூர்மூலைகளோடு இருக்கும். இவற்றை வெறும் கையால் அடிக்க ஆகாது. மாஸ்க் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இடையில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. நேட்டோ நாடுகளின் பச்சை, பழுப்பு, கறுப்பு என்ற மூன்று நிற டாங்கிகள் எல்லாம் அதில்தான் வரும். தூரத்தில் பார்த்தால் ஓரம் கூர்மை, கிட்டப் போனால் லேசாக மங்கல். அதிகக் கேள்விகள் வருவதும் இவற்றுக்குத்தான்.

ஓரம் எவ்வளவு மங்கலாக இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

சின்னக் கணக்குதான். நிஜ டாங்கியில் ஸ்ப்ரே கன் விட்ட மங்கல் ஓரம் 5 செ.மீ. அகலம் என்று வையுங்கள். அதை 35 ஆல் வகுத்தால் 1.4 மி.மீ. 1/48 மாடலில் 1 மி.மீ., 1/72இல் வெறும் 0.7 மி.மீ. மாடலில் உங்கள் ஏர்பிரஷ் 4 மி.மீ. மங்கலை விட்டால், நிஜத்தில் அது 14 செ.மீ. ஆகிறது. அரைச் சாணுக்கும் சற்று அதிகம். அப்படி அடித்த டாங்கி உலகத்தில் இருக்கலாம், ஆனால் உங்கள் கையில் இருக்கும் புகைப்படத்தில் இருக்காது.

நல்ல கருவியும் பழகிய கையும் இருந்தால் 1.4 மி.மீ. ஓரத்தை வெறும் கையால் கொண்டுவரலாம். இரண்டில் ஒன்று இல்லாதவர்களுக்கு (நான் பல வருடம் அந்தப் பட்டியலில்தான் இருந்தேன்) மாஸ்க்தான் கைகொடுக்கும். மாஸ்க் ஒட்டினால் ஓரம் கத்தி மாதிரி வரும் என்பது பாதி உண்மை. மாடலின் பரப்பிலிருந்து மாஸ்க்கை எவ்வளவு தூக்கி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மங்கல் கூடும், குறையும்.

எதை வைத்து மாஸ்க் செய்வது?

நேர்க்கோட்டுக்கு மஞ்சள் நிற ஜப்பானியக் காகித டேப். டமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனம் 6, 10, 18 மி.மீ. அகலங்களில் விற்கிறது. வளைவுக்கு அவர்களிடமே வெள்ளை நிற நெகிழும் டேப் இருக்கிறது, 2 மி.மீ. அகலத்திலேயே கிடைக்கும். விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஒரு சுருள் பல வண்டிகளுக்கு வரும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சுருக்கம் விழுந்த மாஸ்கிங் டேப்பை மாடல்மீது நேராக ஒட்டாதீர்கள். பசை அதிகம், சுருக்கத்துக்கு அடியில் பெயின்ட் புகுந்துவிடும். பெரிய பரப்பை மூடுவதற்கு, முதல் டேப்பின் மேல் இரண்டாவதாக ஒட்டுவதற்கு அது போதும்.

அப்புறம் புட்டி. சுவரில் போஸ்டர் ஒட்டும் புளூ டாக் வகை, மாடல் கடைகளில் உருமறைப்புக்கென்றே விற்கும் இழுபடும் வகை என்று இரண்டு. முதலாவது வைத்த இடத்தில் நிற்கும். இரண்டாவது வளைவுகளில் தானே படிந்துகொள்ளும், ஆனால் படிவதை எப்போது நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. ஒரு மே மாதம், மலிவான இழுபுட்டியை ஒரு டரட்டின்மேல் (பீரங்கி இருக்கும், சுழலும் மேல்பாகம்) மாலையில் அழகாக வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அது தோசை மாவு மாதிரி டரட்டின் பக்கமெல்லாம் வழிந்திருந்தது. அரைத் தூக்கத்தில் அதைக் கவனிக்காமல் அதன்மேலேயே பச்சையையும் அடித்தேன். புட்டியை எடுத்தபோது கிடைத்த வடிவம் எந்த ராணுவத்துக்கும் சொந்தமில்லை. இழுபுட்டி வைத்தால் அரை மணி நேரத்துக்குள் அடித்து, எடுத்துவிடுங்கள்.

வெட்டித் தரும் ஸ்டென்சில் படலம் மூன்றாவது. திரவ மாஸ்க் நான்காவது. உருமறைப்புக்குத் திரவ மாஸ்க்கை நான் சிபாரிசு செய்வதில்லை. உரிக்கும்போது ஓரம் பிசிறு விடுகிறது.

புட்டியை உருட்டி வைத்தால் மென்மையான ஓரம் வரும் என்கிறார்கள். எனக்குக் கூர்மையாகத்தானே வருகிறது?

அழுத்திவிட்டீர்கள். உருட்டிய புட்டி 2, 3 மி.மீ. தடிமனில் முறுக்கு மாவுத் திரி மாதிரி உருண்டையாகவே இருக்க வேண்டும். உருண்டையின் வயிறு கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும், அதற்கு அடியில் சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் நுழையும் பெயின்ட் துகள்தான் மங்கல் ஓரத்தைத் தருகிறது. விரலால் அழுத்தித் தட்டையாக்கினால் இடைவெளி மூடிப்போகும், பிறகு அதுவும் டேப்தான்.

அடிக்கும் கோணமும் முக்கியம். பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்தால் மங்கல் குறுகலாக, எல்லா இடத்திலும் ஒரே அளவாக வரும். ஏர்பிரஷ்ஷைச் சாய்த்துப் புட்டியின் அடிவயிற்றைப் பார்த்து அடித்தால் பெயின்ட் உள்ளே ஓடிவிடும். ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் மங்கல் என்று வந்தால் காரணம் இதுதான். நிஜ டாங்கியில் அப்படி இருக்காது.

கடையில் விற்கும் ஸ்டென்சில் செட் வாங்கலாமா, நானே வெட்டலாமா?

உங்கள் கிட்டுக்கென்றே வெட்டிய செட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். எண் போட்ட துண்டுகளாக வரும், எதை எங்கே ஒட்டுவது என்று படமும் இருக்கும். எல்லா டாங்கிக்கும் பொது என்று விற்கும் அலையலையான ஸ்டென்சில்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரே அலை இரண்டு இடத்தில் வந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

நீங்களே வெட்ட ஜெராக்ஸ் கடை போதும். கிட்டோடு வரும் நிறவழிகாட்டியில் டாங்கியின் பக்கவாட்டுப் படம் இருக்கும். அதில் ஹல் (டாங்கியின் உடல்பாகம்) 14 செ.மீ. நீளம், உங்கள் மாடலில் 22 செ.மீ. என்றால், 22ஐ 14ஆல் வகுங்கள். 157 சதவீதம் பெரிதாக்கி மூன்று பிரதி எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று பச்சைக்கு, ஒன்று பழுப்புக்கு, ஒன்று வெட்டுவதில் தவறினால் வைத்துக்கொள்ள. தாளின் மேல்பக்கம் முழுக்கச் செலோடேப் ஒட்டினால் பெயின்ட் ஊறாது, சுருங்காது.

இப்போது தாளின் அடியில், ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி, புளூ டாக் உருண்டைகளை வையுங்கள். உருண்டை கடுகு அளவு என்றால் ஓரம் ஏறக்குறையக் கூர்மை, நேட்டோ டாங்கிக்குச் சரி. மிளகு அளவு என்றால் நன்றாக மங்கும், ஜெர்மன் பாந்தருக்கே போதும். உருண்டைகளை ஓரத்திலேயே வைத்தால் அவற்றின் நிழலும் சேர்ந்து பதிந்து, ஓரம் பல் முளைத்தாற்போல் ஆகும். உருண்டைகளுக்கு நடுவே 2 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள், காற்றழுத்தத்தில் தாள் படபடக்கும்.

பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டித் தரும் கடைகளில் பிளாட்டர் இயந்திரம் இருக்கிறது. கணினியில் வரைந்து கொண்டுபோனால் வெட்டித் தருவார்கள். ஆனால் அவர்கள் வைத்திருக்கும் ஸ்டிக்கர் படலம் வெயில் மழையில் வருடக்கணக்கில் நிற்பதற்கானது, பசை அப்படிப்பட்டது. ஓராமாஸ்க் 813 போன்ற குறைந்த பசைப் படலத்தை நீங்களே வாங்கிக் கொடுத்து வெட்டச் சொல்வது நல்லது.

எந்த நிறத்தை முதலில் அடிப்பது?

வெளிர் நிறம் முதலில், கறுப்பு கடைசியில். கறுப்பின் மேல் மஞ்சளை மூட நாலைந்து பூச்சு வேண்டும், அவ்வளவு பூச்சில் போல்ட் தலையெல்லாம் மூழ்கிவிடும்.

இதில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். முதல் நிறத்தை அடித்துக் காய்ந்த பிறகு, முதல் நிறமாகவே இருக்க வேண்டிய இடத்தைத்தான் மூடுகிறோம். இரண்டாவது நிறம் வர வேண்டிய இடத்தை மூடிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை. மூடும் முன் ஒவ்வொரு திட்டின் நடுவிலும் மெல்லிய பென்சிலில் ப, பழு, க என்று எழுதிவிடுங்கள்.

நேட்டோ மூன்று நிறத்தை ஒரு டாங்கியில் முழுசாகச் சொல்ல முடியுமா?

ஜெர்மனியின் லெப்பர்ட் 2ஐ எடுத்துக்கொள்வோம். 1979இல் படையில் சேர்ந்தபோது அது ஒரே நிறத்தில், மஞ்சள் கலந்த ஆலிவில் (ரால் 6014) இருந்தது. 1980களின் நடுவிலிருந்து மூன்று நிறம்: வெண்கலப் பச்சை ரால் 6031, தோல் பழுப்பு ரால் 8027, தார்க் கறுப்பு ரால் 9021. டமியா பெயின்ட்டில் இவற்றுக்கு இணையான எண்கள் எக்ஸ்எஃப்-67, 68, 69. திட்டுகளின் வடிவமும் இடமும் வரைபடத்தில் வகுத்தவை, அதனால் ஸ்டென்சிலுக்கு இது நல்ல பாடம்.

டிராக்கும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) சக்கரமும் தனியாக இருக்கட்டும். டரட்டை ஹல்லின் மேல் நேராக முன்னோக்கி வையுங்கள், பக்கவாட்டுத் தகடுகளைப் புளூ டாக்கில் தற்காலிகமாகப் பொருத்துங்கள். திட்டுகள் தகட்டிலிருந்து ஹல்லுக்கு, ஹல்லிலிருந்து டரட்டுக்கு ஓடுகின்றன. தனித்தனியாக அடித்துப் பிறகு சேர்த்தால் ஓடாது.

பச்சையை முழுக்க அடியுங்கள். முதலில் அடிப்பதால் இது மட்டும் பழுப்பைவிட வெளிர் என்று கணக்கில்லை, அதிக இடத்தைப் பிடிப்பது பச்சை என்பதுதான் காரணம். ஒரு இரவு காயட்டும். மறுநாள் பச்சையாக இருக்க வேண்டியதைத் தாள் ஸ்டென்சிலால் (கடுகு உருண்டை வைத்தது) மூடுங்கள். கறுப்பு வரப்போகும் இடத்தை மூட வேண்டியதில்லை, பழுப்பு அதன்மேல் தெறித்தாலும் கறுப்பு மறைத்துவிடும். இந்த ஒன்றால் பாதி மாஸ்கிங் வேலை குறைகிறது.

பழுப்பை மெல்லிய மூன்று பூச்சாக அடித்து, ஸ்டென்சிலை எடுத்துப் பாருங்கள். பச்சைப் பக்கம் ஏதாவது தெறித்திருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். பிறகு கறுப்பு. கறுப்புத் திட்டுகள் ஒல்லியாக, வால் நீண்டு இருக்கும். அவற்றுக்கு உள்ளே ஓட்டை வெட்டிய ஸ்டென்சில்தான் வசதி. சுத்தக் கறுப்பை அடிக்காதீர்கள், எக்ஸ்எஃப்-69 ஏற்கெனவே கரும் சாம்பல்தான். சின்ன மாடலில் சுத்தக் கறுப்பு ஓட்டை மாதிரி தெரியும்.

பீரங்கிக் குழலை மறந்துவிட வேண்டாம். திட்டுகள் அதிலும் தொடர்கின்றன. குழல் உருளை என்பதால் தாள் நிற்காது, 6 மி.மீ. டேப்பைச் சுற்றிவிடுங்கள்.

பெயின்ட் எவ்வளவு நீர்க்க, அழுத்தம் எவ்வளவு?

டமியா அக்ரிலிக் என்றால் பெயின்ட்டும் தின்னரும் சரிபாதி, 0.3 மி.மீ. முனை, 15 பிஎஸ்ஐ. அவர்கள் தின்னர் தீர்ந்துபோனால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கலக்கலாம். ஸ்டென்சில் வைத்து அடிக்கும்போது அழுத்தத்தை ஏற்றினால் காற்று தாளைத் தூக்கும். 12க்கு இறக்கிப் பாருங்கள். முகத்துக்கு மாஸ்க் அணியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

டேப்புக்கு அடியில் பெயின்ட் கசிந்துவிடுகிறது. என்ன செய்வது?

டேப் ஒட்டியதும், அடுத்த நிறத்தை அடிக்கும் முன்னால், அடியில் இருக்கும் அதே நிறத்தை ஓரத்தில் ஒருமுறை மெல்ல அடியுங்கள். வெள்ளையின் மேல் டேப் ஒட்டி பழுப்பு அடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் இன்னொரு சுற்று வெள்ளை. கசிய வேண்டியது கசியட்டும். வெள்ளையின் மேல் வெள்ளை கசிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இடுக்கெல்லாம் அதோடு அடைபட்டுவிடும், பிறகு வரும் பழுப்புக்கு நுழைய வழியில்லை. பெர்லின் சீஃப்டன் கட்டங்களை இப்படித்தான் எடுத்தேன், ஒரு பிசிறு இல்லை.

கடையிலிருந்து வந்த டேப்பின் ஓரத்தில் தூசியும் சின்னச் சின்ன மடிப்பும் இருக்கும். கண்ணாடித் துண்டில் ஒட்டி, இரும்பு ஸ்கேலும் புது பிளேடும் வைத்து ஓரத்தில் 1 மி.மீ. சீவிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒட்டியபின் பல்குச்சியின் மழுங்கிய பக்கத்தால் ஓரத்தைத் தேயுங்கள். தகடு சந்திக்கும் பள்ளங்களில்தான் கசிவு ஆரம்பிக்கிறது.

டேப்பை உரித்தால் பெயின்ட்டும் சேர்ந்து வருகிறது!

இது வலிக்கும், தெரியும். பெரும்பாலும் தவறு டேப்பில் இல்லை, ஆரம்பத்தில் நடந்தது. கிட்டின் பிளாஸ்டிக்கில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையும், ஒட்டும்போது பட்ட விரல் ரேகையும் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர் (நிறம் பிடித்துக்கொள்ள முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்து, அப்புறம்தான் நிறம். பித்தளைத் தகடு வைத்த கிட் என்றால் பிரைமர் இல்லாமல் நிறம் நிற்கவே நிற்காது.

நீர் அடிப்படையிலான சில அக்ரிலிக்குகள் பிளாஸ்டிக் உறை மாதிரி காய்கின்றன. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், டேப் போட்டால் தோல் மாதிரி உரியும். அவற்றுக்கு முழு ஒரு நாள் கொடுங்கள்.

டேப்பின் பசையைக் குறைக்க உள்ளங்கையில் ஒட்டி எடுக்கச் சொல்வார்கள். கையின் எண்ணெய் டேப்பில் ஏறி, அங்கிருந்து மாடலுக்குப் போகும். கண்ணாடியில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்தாலே போதும். உரிக்கும்போது மேலே தூக்காதீர்கள். டேப்பை அதன்மேலேயே மடித்து, பரப்போடு ஒட்டினாற்போல் மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள்.

உரித்தபின் ஓரத்தில் வரப்பு மாதிரி மேடு நிற்கிறதே?

ஒரே பூச்சில் தடிமனாக அடித்திருக்கிறீர்கள். நன்றாகக் காய்ந்தபின் 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேயுங்கள்.

கருவிகள், கம்பிக் கயிறு, சக்கரம் இவற்றையெல்லாம் எப்படி மூடுவது?

மண்வெட்டி, கோடாரி, இழுவைக் கயிறு போன்றவற்றை முடிந்தால் கடைசியில் ஒட்டுங்கள். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் அவற்றின் மேலேயே உருமறைப்பை அடித்துவிட்டு, பிறகு தூரிகையால் மரமும் இரும்பும் வரைந்துகொள்ளலாம். நிஜத்திலும் அவசரத்தில் கருவிமேலேயே அடித்துவிட்ட வண்டிகள் உண்டு.

என்ஜின் மூடியின் வலைச்சட்டத்தில் டேப் ஒட்டாது. டிஷ்யூ தாளை நனைத்துத் துண்டு துண்டாக வைத்து மூடுங்கள். காயும் முன் அடித்துவிடலாம்.

டி-72, சீஃப்டன் போன்று வார்த்தெடுத்த உருண்டை டரட்டில் படல ஸ்டென்சில் மடிந்து நிற்கும். ஒரே துண்டாக ஒட்டப் பார்க்காதீர்கள். ஓரத்திலிருந்து உள்ளே சின்னச் சின்ன வெட்டு போட்டு, இதழ் இதழாகப் படிய வையுங்கள்.

ஜெர்மன் வண்டிகளில் 1943 கடைசியிலிருந்து 1944 செப்டம்பர் வரை காந்தக் கண்ணிவெடிக்கு எதிராக சிம்மெரிட் என்ற வரிவரியான பூச்சு இருந்தது. அந்த வரிகளின்மேல் எந்த டேப்பும் கசியும். அங்கே புட்டி அல்லது வெறும் கை.

சக்கரத்தின் ரப்பர் வளையத்துக்குக் கடைகளில் கிடைக்கும் வட்ட ஸ்டென்சில் தகடே போதும்.

பாந்தரில் சின்னச் சின்னப் புள்ளி வைத்த உருமறைப்பு இருக்கிறதே, அதற்கும் ஸ்டென்சில் உண்டா?

1944 ஆகஸ்டிலிருந்து உருமறைப்பைத் தொழிற்சாலையிலேயே அடித்து அனுப்ப ஆரம்பித்தபோது வந்தது அது. மரத்தடியில் இலைகளுக்கு நடுவே விழும் வெயில் பொட்டுகளைப் போல, மூன்று நிறத்தின்மேலும் எதிர் நிறப் புள்ளிகள். திட்டுகளுக்கு மட்டும் ஸ்டென்சில் வையுங்கள், புள்ளிகளைத் தூரிகை நுனியால் வைப்பதே நல்லது. ஸ்டென்சிலில் வைத்தால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் சுடிதார் துணி மாதிரி ஆகிவிடுகிறது.

டிஜிட்டல் உருமறைப்பு?

சதுரம் சதுரமாக இருக்கும் அது கணினிக் காலத்துச் சரக்கு என்று நினைப்பார்கள். 1970களிலேயே அமெரிக்க ராணுவத்தில் திமோதி ஓ'நீல் என்பவர் எம்113 கவச வண்டியில் 2 அங்குல ரோலரை வைத்துச் சதுரங்களாக அடித்துச் சோதித்திருக்கிறார். 2 அங்குலச் சதுரம் 1/35இல் 1.45 மி.மீ. கையால் வெட்ட உட்கார்ந்தால் கண் போய்விடும். இதற்கு மட்டும் இயந்திரத்தில் வெட்டிய படலத்தை வாங்கிவிடுங்கள். சீனாவின் டைப் 99 டாங்கிக்குச் சதுரங்கள் பெரியவை, கையாலும் முயலலாம்.

நிறம் சரியா என்று எப்படி உறுதி செய்வது?

புகைப்படத்தையும் அருங்காட்சியகத்தையும் ஒரு அளவுக்கு மேல் நம்பாதீர்கள். 1940-41இல் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகளில் கான்டர் என்ற பிரிகேடியரின் பெயரால் வழங்கும் சாய்கோட்டு உருமறைப்பு இருந்தது. மணல் நிறம், வெள்ளிச் சாம்பல், ஸ்லேட் நிறம். அருங்காட்சியகத்தில் மறுபூச்சு அடித்தபோது அந்த வெள்ளிச் சாம்பல் வெளிர் நீலமாகிவிட, அதைப் பார்த்து ஒரு தலைமுறை மாடல்காரர்கள் மட்டில்டாவை வானநீலத்தில் அடித்தார்கள். நிஜ நிறம் பச்சை கலந்த சாம்பல். என் அலமாரியிலும் ஒரு நீல மட்டில்டா இருக்கிறது. மாற்ற மனம் வரவில்லை. எப்படியும் கான்டர் கோடுகள் டேப் பழகுவதற்கு அருமையான பாடம், எல்லாமே நேர்க்கோடு.

இந்திய டாங்கி செய்ய ஆசை. அர்ஜுனுக்கு எந்த ஓரம்?

ஆவடியில் வடிவமைத்து, அங்கேயே கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டும் வண்டி என்பதால் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இந்த ஆசை உண்டு. மணல் நிறத்தின்மேல் பச்சைத் திட்டுகள், இரண்டே நிறம், ஒரே சுற்று மாஸ்கிங். எந்தப் புகைப்படத்தைப் பார்த்துச் செய்கிறீர்கள் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். குடியரசு தின அணிவகுப்பு வண்டி புதுப் பூச்சோடு பளிச்சென்று இருக்கும், அதற்குத் தாள் ஸ்டென்சில், கடுகு உருண்டை. ராஜஸ்தான் மணலில் ஓடிய வண்டியில் தூசி ஓரங்களைப் பாதி அழித்துவிடும்.

1/72க்கு இதே முறைதானா?

மங்கல் ஓரத்தை மறந்துவிடுங்கள். 0.7 மி.மீ. மங்கலை ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் கூர்மையாகத்தான் தெரியும். டேப்போ படலமோ ஒட்டி, மெல்லிய பூச்சாக அடித்தால் முடிந்தது. சுண்டுவிரல் நீள டரட்டில் புட்டி உருட்டிக்கொண்டிருப்பது வீண்.

ஏர்பிரஷ் வாங்க இப்போது வசதியில்லை.

ஸ்ப்ரே டப்பாவும் டேப்பும் வைத்துக் கூர்மையான ஓரம் அடிக்கலாம். டப்பாவில் பெயின்ட் வேகமாகவும் கனமாகவும் வரும், 25 செ.மீ. தள்ளிப் பிடித்து விசிறினாற்போல் ஓட்டுங்கள். இன்னொரு வழி, டேப் ஒட்டிவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜின் சின்னத் துண்டால், ஏறக்குறையக் காய்ந்த பெயின்ட்டைத் தட்டித் தட்டி ஏற்றுவது. பொறுமை வேண்டும், ஆனால் தூரிகைக் கோடு விழாது.

மழைக்காலத்தில் அடிக்கலாமா?

ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் சேரும். நாலு துளி ஏர்பிரஷ் வழியாகத் தெறித்தால் திட்டின் நடுவில் கண் திறந்த மாதிரி வட்டம் விழும். குழாயில் ஈரப்பொறி மாட்டுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வடித்துவிடுங்கள். லாக்கர் பெயின்ட் அந்த நாட்களில் வெள்ளையாகப் பூத்துப்போகும், அக்ரிலிக்கை எடுங்கள். காயும் நேரத்தை இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிறமும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கிறதே, துணி ஒட்டுப் போட்ட மாதிரி?

அந்தக் கட்டத்தில் எல்லாருடையதும் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். மிகவும் நீர்த்த மணல் நிறத்தை, ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒன்பது பங்கு தின்னர் என்று கலந்து, வண்டி முழுக்கப் புகை போல் ஒருமுறை ஓட்டுங்கள். மூன்று நிறமும் ஒரே தூசியில் நனைந்து ஒன்றுக்கொன்று சொந்தமாகிவிடும். கறுப்பில்தான் வித்தியாசம் முதலில் தெரியும். கறுப்பு சாம்பலாகத் தோன்ற ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு பளபளப்பு வார்னிஷ், டிகால் (எண், சின்னங்களின் ஒட்டுப்படம்), வாஷ் (பள்ளங்களில் ஓடவிடும் நீர்த்த கருநிறம்), மேட் வார்னிஷ்.

பயன்படுத்திய ஸ்டென்சிலை மறுபடி பயன்படுத்தலாமா?

செலோடேப் ஒட்டிய தாள் நாலைந்து வண்டிக்கு வரும். ஓரத்தில் பெயின்ட் தடித்துப்போனால் 1 மி.மீ. வெட்டிவிடுங்கள், திட்டின் வடிவம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். படலத்தை வந்த தாளிலேயே திரும்ப ஒட்டி வைத்தால் இன்னொரு முறை பிடிக்கும். புளூ டாக்கில் நிறம் கலந்து சாம்பலாகிவிட்டாலும் வேலை செய்யும். ஆனால் அதை வெள்ளை வண்டிக்குக் கொண்டுபோகாதீர்கள்.